ஒரு பெரிய கிராபிக்ஸ் கார்டா, இரண்டு நடுத்தரக் கார்டுகளா? தர்மபுரியில் ஒரு சிறிய ஸ்டூடியோவுக்கான ஆலோசனை

தகடூரான் (தர்மபுரி)

அனைவருக்கும் வணக்கம். தர்மபுரியில் திருமண வீடியோ எடிட்டிங்கையும், வீடு கட்டுவோருக்கான முப்பரிமாண எலிவேஷன் (வெளித்தோற்ற) படங்களையும் ஒரே அறையில் செய்து வருகிறேன். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பையும், எலிவேஷனுக்கு பிளெண்டரையும் பயன்படுத்துகிறேன். இப்போது இருப்பது 6 ஜிபி நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். வீட்டைச் சுற்றிப் புல்தரையும் மரங்களும் வைத்தவுடன் அந்த நினைவகம் நிரம்பி, ரெண்டர் (இறுதிப் படத்தை உருவாக்கும் கணக்கீடு) நின்றுவிடுகிறது அல்லது பொறுக்க முடியாத அளவுக்கு மெதுவாகிறது. உதவிக்கு இருக்கும் தம்பி, இன்னொரு பழைய கணினியில் ஆல்பம் வடிவமைப்பைப் பார்த்துக்கொள்கிறார்.

என்னிடம் உள்ள தொகைக்கு இரண்டு வழிகள் தென்படுகின்றன. 16 ஜிபி கொண்ட ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ ஒன்றை வாங்குவது முதல் வழி. 16 ஜிபி கொண்ட ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டுகள் இரண்டை வாங்கி ஒரே கணினியில் பொருத்துவது இரண்டாம் வழி. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் விசாரித்தபோது, இரண்டு கார்டுகளைப் போட்டால் 32 ஜிபி கொண்ட ஒரே கார்டைப் போல வேலை செய்யும் என்று ஒரு கடையில் உறுதியாகச் சொன்னார்கள். அது உண்மையானால் இரண்டாம் வழியே எனக்கு ஏற்றது. அனுபவம் உள்ளவர்கள் தெளிவுபடுத்த வேண்டும்.

ஓசூர் கணினிக்காரர்

உங்களிடம் சொல்லப்பட்டது உங்கள் வேலைகளுக்குப் பொருந்தாது. ஒரே பாடநூலின் இரு படிகளை இரண்டு மாணவர்களிடம் கொடுத்தால் படிப்பவர்கள் இருவராவார்களே தவிர, பாடநூலின் பக்கங்கள் இரட்டிப்பாவதில்லை. பிளெண்டரில் இரண்டு கார்டுகளையும் சேர்த்து ஒரு படத்தை ரெண்டர் செய்யும்போது, அந்தக் காட்சியின் முழுப் பிரதியும் ஒவ்வொரு கார்டின் நினைவகத்திலும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஆகவே 16 ஜிபிக்குள் அடங்காத காட்சி, இத்தகைய இரண்டு கார்டுகளை வைத்தாலும் அடங்காது.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1998இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ 2 கார்டுகள் இரண்டை இணைத்து, திரையின் கோடுகளை ஒன்று விட்டு ஒன்றாகப் பிரித்து வரையும் முறை வந்தது. அதையே எஸ்எல்ஐ என்றார்கள். 2004இல், நீங்கள் கேட்கும் கார்டுகளைத் தயாரிக்கும் என்விடியா அதே சுருக்கப் பெயரில் வேறொரு முறையைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு போட்டி நிறுவனமான ஏடிஐயின் கிராஸ்ஃபயர் வந்தது. அந்தக் காலத்தில் இரண்டு நடுத்தரக் கார்டுகளை வாங்குவது சிக்கனமான வழி என்ற பேச்சு பரவலாக இருந்தது, அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. பிறகு நிலைமை மாறியது. 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060க்கே எஸ்எல்ஐ வசதி இல்லை. ஆர்டிஎக்ஸ் 30 வரிசையில் 3090, 3090 டிஐ ஆகியவற்றுக்கு மட்டும் இணைப்புப் பாலம் (இரு கார்டுகளை நேரடியாக இணைக்கும் துண்டு) இருந்தது. 40 வரிசையிலிருந்து அதுவும் போய்விட்டது. பழைய கார்டுகளுக்கான புதிய எஸ்எல்ஐ அமைப்புகளையும் 2021 ஜனவரி 1 முதல் என்விடியா நிறுத்திவிட்டது. நீங்கள் வாங்க நினைக்கும் 5060 டிஐயில் பாலத்தை மாட்டுவதற்கான இடமே கிடையாது. இரண்டு கார்டுகளும் ஒரே கணினியில் இருந்தாலும், ஒன்றை ஒன்று அறியாத தனித்தனிக் கருவிகள்தாம். மென்பொருள் பிரித்துக் கொடுத்தால் மட்டுமே இரண்டும் உழைக்கும்.

கிருஷ்ணகிரி விளையாட்டு ரசிகன்

விளையாட்டுக்காக இதைப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்: ஒரே கார்டுதான். முன்பு ஒரு சட்டகத்தை (ஃபிரேமை) ஒரு கார்டும் அடுத்த சட்டகத்தை மற்றொன்றும் மாறி மாறி வரைந்தன. எண்ணிக்கையில் வேகம் கூடினாலும், சட்டகங்கள் சம இடைவெளியில் வராததால் கண்ணுக்குத் திணறல் தெரிந்தது. இன்றைய விளையாட்டுகள் முந்தைய சட்டகத்தின் தகவலைக் கொண்டே அடுத்ததைச் செம்மைப்படுத்துகின்றன என்பதால் அந்தப் பிரிவினைக்கே இடமில்லாமல் போய்விட்டது. விளையாட்டுகள் கார்டுடன் பேசப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ் 12இலும் வல்கனிலும் பல கார்டுகளைப் பயன்படுத்தும் வசதி இருக்கிறது. ஆனால் அதை விளையாட்டை உருவாக்குபவரே எழுதிச் சேர்க்க வேண்டும், மிகச் சிலரே அந்த முயற்சியை எடுத்தார்கள்.

அரூர் வரைவாளர்

ஓசூர் அண்ணன் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பிளெண்டரைப் பொறுத்தவரை இரண்டு கார்டுகள் வீண் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நானும் எலிவேஷன் வேலை செய்பவள்தான்.

பிளெண்டரின் ரெண்டர் பொறியான சைக்கிள்ஸ் ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்து ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் கணக்கிடுகிறது. ஒரு புள்ளியின் கணக்கு அடுத்த புள்ளியின் கணக்குக்காகக் காத்திருப்பதில்லை என்பதால், வேலையை இரண்டாகப் பிரிப்பது எளிது. அமைப்புகளில் இரண்டு கார்டுகளையும் தேர்ந்தெடுத்துவிட்டால் போதும். நீண்ட ரெண்டர்களில் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். குறுகிய ரெண்டர்களில் காட்சியை ஏற்றும் நேரம் குறையாது என்பதால் அந்தளவு ஆதாயம் தெரியாது.

நீங்கள் குறிப்பிட்ட கார்டுகளையே எடுத்துக்கொள்வோம். 5060 டிஐயில் 4,608 கூடா கோர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்) உள்ளன. இரண்டுக்கும் சேர்த்து 9,216. 5070 டிஐயில் 8,960. நினைவகத்தின் வேகம் 5060 டிஐயில் நொடிக்கு 448 ஜிபி, 5070 டிஐயில் சரியாக அதன் இருமடங்கான 896 ஜிபி. அதாவது, ஒரு பெரிய கார்டைப் பாதியாகப் பிரித்தால் கிடைப்பதுதான் அந்தச் சிறிய கார்டு. நினைவகத்தின் அளவு மட்டும் பாதியாகாமல் 16 ஜிபியாகவே நிற்கிறது. 2025இல் அறிமுகமானபோது 5070 டிஐயின் விலை 749 டாலர், 5060 டிஐயின் விலை 429 டாலர். இரண்டு சிறிய கார்டுகள் 858 டாலர் ஆகின்றன என்பதால், விலையிலும் பெரிய கார்டே சற்று மலிவு. ஆகவே ஒரே கணினியில் வைத்து ஒரே படத்தை ரெண்டர் செய்வதற்கு இரண்டு சிறிய கார்டுகளால் உங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் பயன் மிகக் குறைவு.

முதலில் நீங்கள் அறிய வேண்டியது உங்கள் காட்சிகளுக்கு எவ்வளவு நினைவகம் தேவைப்படுகிறது என்பதைத்தான். ரெண்டர் ஓடும்போது பிளெண்டரே உச்சபட்ச அளவை மேலே காட்டும். உங்களிடம் உள்ள மிகப் பெரிய காட்சியைத் திறந்து, கார்டுக்குப் பதிலாகச் சிபியுவில் ரெண்டர் செய்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சிபியுவில் ஓடும்போது கணினியின் ரேம் பயன்படுவதால், 6 ஜிபி என்ற தடை உங்களை நிறுத்தாது.

காவேரிப்பட்டணம் எடிட்டர்

எலிவேஷனைப் பற்றி அரூர் சகோதரி விளக்கிவிட்டார். வருமானத்தில் பெரும்பங்கு திருமண வீடியோவிலிருந்து வருகிறதென்றால், நான் சொல்லப்போவதே உங்களுக்கு முதன்மையானது.

டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு விண்டோஸில் ஒரே ஒரு கிராபிக்ஸ் கார்டைத்தான் பயன்படுத்தும். ஸ்டூடியோ பதிப்பை விலை கொடுத்து வாங்கினால்தான் ஒன்றுக்கு மேற்பட்ட கார்டுகள் வேலைக்கு வரும். ஆகவே இப்போதைய நிலையில் இரண்டு 5060 டிஐ வைத்தாலும், எடிட்டிங் நேரத்தில் ஒன்று சும்மாவே இருக்கும். ஸ்டூடியோ பதிப்பை வாங்கினாலும்கூட, நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளி இரைச்சல்) நீக்கம் போன்ற கனமான வேலைகளில் தெரியும் முன்னேற்றம், டைம்லைனை ஓட்டிப் பார்க்கும்போது அதே அளவுக்குத் தெரிவதில்லை. மணமகன் வீட்டார் பக்கத்தில் அமர்ந்து பாடலை மாற்றச் சொல்லிக் கொண்டிருக்கும்போது உங்களுக்குத் தேவைப்படுவது அந்தக் கணத்தில் தடங்கல் இல்லாத ஓட்டம். அதைத் தருவது ஒரு பெரிய கார்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். இப்போது பலரும் நிறத் தகவலைக் கூடுதலாகச் சேமிக்கும் 10 பிட் 4:2:2 முறையில் படம் பிடிக்கிறார்கள். அந்த வகை எச்.264, எச்.265 கோப்புகளை வன்பொருளிலேயே விரித்துக் காட்டும் வசதி என்விடியாவில் 50 வரிசையில்தான் வந்தது. ஆகவே பழைய வரிசையில் மலிவாகக் கிடைக்கிறதென்று 40 வரிசைக் கார்டுகளின் பக்கம் போக வேண்டாம். முடித்த வீடியோவைக் கோப்பாக்கும் ஏற்றுமதி வேலைக்கான என்கோடர் 5060 டிஐயில் ஒன்று, 5070 டிஐயில் இரண்டு. ரிசால்வின் இலவசப் பதிப்பில் எந்த வகைக் கோப்புக்கு வன்பொருள் உதவி கிடைக்கிறது என்பதை, உங்கள் கேமராவின் கோப்பு ஒன்றைக் கடைக்கு எடுத்துச் சென்று சோதித்துவிட்டே பணம் கொடுங்கள்.

ஓசூர் கணினிக்காரர்

கார்டின் விலையை மட்டும் ஒப்பிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கார்டைச் சுற்றி இருப்பவற்றையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும், ஏனெனில் இரண்டு கார்டுகளை வாங்கியவர்கள் பெரும்பாலும் அங்கேதான் திணறுகிறார்கள்.

மதர்போர்டில் நீளமான ஸ்லாட் இரண்டு இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். நடுத்தர விலை போர்டுகளில் இரண்டாவது நீள ஸ்லாட் பெரும்பாலும் சிப்செட் (போர்டின் துணைச் சில்லு) வழியாக நான்கு லேன்களை (தகவல் செல்லும் தடங்களை) மட்டும் பெறும். சிலவற்றில் ஒரே லேன்தான். சிபியுவின் பதினாறு லேன்களை எட்டு எட்டாகப் பிரித்துத் தரும் போர்டுகள் விலை கூடியவை. 5060 டிஐ எட்டு லேன்களையே பயன்படுத்தும் கார்டு என்பதால் அத்தகைய போர்டில் அது கச்சிதமாகப் பொருந்தும். பிளெண்டரில் காட்சி ஒருமுறை ஏறிவிட்டால் லேன்களின் எண்ணிக்கை பெரிதாகப் பாதிக்காது என்பதும் உண்மை.

அடுத்தது வெப்பம். இப்போது வரும் கார்டுகள் இரண்டு ஸ்லாட்டுக்கும் அதிகமான தடிமன் கொண்டவை. இரண்டை நெருக்கமாகப் பொருத்தினால், கீழே உள்ள கார்டு வெளியிடும் சூடான காற்றையே மேலே உள்ளது இழுக்கும். ஓசூரின் குளிர்ச்சியில் இதைச் சமாளித்துவிடலாம். தர்மபுரியில் சித்திரை, வைகாசி மாதங்களில் ஏசி இல்லாத அறையில், மேல் கார்டு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் காசு கொடுத்த வேகம் உங்களுக்குக் கிடைக்காது. கேபினெட் பெரிதாகவும், முன்பக்கம் காற்றோட்டம் உள்ளதாகவும் இருக்க வேண்டும்.

மின்சாரத்துக்கு வருவோம். 5070 டிஐ முழு வேகத்தில் 300 வாட் வரை எடுக்கும். 5060 டிஐ ஒன்று 180 வாட், இரண்டும் சேர்ந்து 360 வாட். இரவில் எட்டு மணி நேரம் ரெண்டர் ஓடினால் முதலாவதுக்கு 2.4 யூனிட், இரண்டாவதுக்கு 2.88 யூனிட். நாள்தோறும் ஓடினால் இரண்டு மாத மின்கணக்கில் வேறுபாடு ஏறத்தாழ 29 யூனிட்தான். வீட்டு இணைப்பில் கிடைக்கும் இலவச யூனிட் சலுகை வணிக இணைப்புக்குக் கிடையாது என்றாலும், இந்த 29 யூனிட்டுக்காக முடிவை மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் யூபிஎஸ் விஷயத்தில் கவனம் தேவை. கடைகளில் பரவலாக விற்கும் 600 விஏ யூபிஎஸ் பொதுவாக 360 வாட்தான் தாங்கும். இரண்டு கார்டுகள், சிபியு, மானிட்டர் எல்லாம் சேர்ந்த கணினிக்கு அது போதவே போதாது. மின்சாரம் போன நொடியில் யூபிஎஸ்ஸும் சேர்ந்து அணைந்துவிடும், பிறகு அதை வைத்திருந்தும் பயனில்லை. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் அது சைன் வேவ் வகையாக இருப்பது நல்லது. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் இன்றைய பவர் சப்ளைகள் பல சரியாக ஒத்துழைப்பதில்லை.

பர்கூர் மாணவன்

ஐயா, இழையின் பொருளுக்கு நெருக்கமானது என்பதால் இங்கேயே கேட்கிறேன். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். திட்டப்பணிக்காக, உரை எழுதும் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளைச் சொந்தக் கணினியிலேயே இயக்க வேண்டும். 32 பில்லியன் அளபுருக்கள் (மாதிரி கற்று வைத்திருக்கும் எண்கள்) கொண்ட மாதிரியை 4 பிட்டுக்குச் சுருக்கினாலும் 18 முதல் 20 ஜிபி வரை வருகிறது. அது 16 ஜிபி கார்டில் அடங்காது. என் தேவைக்கும் இரண்டு கார்டுகள் வீண்தானா?

ஓசூர் கணினிக்காரர்

இல்லை தம்பி, உன் வேலைக்கு விடை தலைகீழாக மாறும். மொழி மாதிரி அடுக்கடுக்காக அமைந்தது. லாமா.சிபிபி போன்ற மென்பொருள் முதல் பாதி அடுக்குகளை ஒரு கார்டிலும் மறுபாதியை இன்னொன்றிலும் வைத்துவிடும். பிரதி எடுக்காமல் பங்கிட்டு வைப்பதால், இங்கே 16உம் 16உம் உண்மையிலேயே 32 ஆகின்றன. கார்டுகளுக்கிடையே கடக்க வேண்டிய தகவல் மிகச் சிறியது என்பதால் ஸ்லாட்டின் லேன்கள் குறைவாக இருந்தாலும் பாதிப்பு பெரிதில்லை.

வேகத்தில் மட்டும் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள். இந்த முறையில் முதல் கார்டு தன் பங்கை முடித்த பிறகே இரண்டாவது தொடங்கும். ஒவ்வொரு சொல்துண்டையும் உருவாக்க மாதிரி முழுவதையும் நினைவகத்திலிருந்து ஒருமுறை படித்தாக வேண்டும். 20 ஜிபியை நொடிக்கு 448 ஜிபி வேகத்தில் படித்தால், நொடிக்கு அதிகபட்சம் 22 சொல்துண்டுகள்தான் வரும். நடைமுறையில் இன்னும் குறையும். ஆனால் ஒற்றை 16 ஜிபி கார்டில் அடங்காத பகுதி கணினியின் ரேமுக்கு வழிந்துவிடும். இரட்டைச் சேனல் டிடிஆர்5 ரேமின் வேகம் நொடிக்கு 90 ஜிபியை ஒட்டியே இருப்பதால், கார்டு எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் அந்த வழிந்த பகுதியே முழு வேலையையும் இழுத்துப் பிடிக்கும். உன் தேவைக்கு நினைவகத்தின் அளவே முதல் கேள்வி. 70 பில்லியன் மாதிரிகளுக்கு ஆசைப்படாதே. 4 பிட்டிலும் அவை 40 ஜிபியை ஒட்டி வருவதால் இந்த 32இலும் அடங்காது.

பழைய 3090 ஒன்றை வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பாய். 24 ஜிபி, நொடிக்கு 936 ஜிபி என்பது இன்றும் நல்ல எண்தான். ஆனால் அது 2020இல் வந்த கார்டு. உத்தரவாதம் முடிந்திருக்கும், முன்பு எந்த வேலையில் எத்தனை நாள் ஓடியது என்பதும் தெரியாது. நேரில் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்காமல் வாங்காதே.

தகடூரான் (தர்மபுரி)

அனைவருக்கும் நன்றி. அரூர் சகோதரி சொன்னபடி என் பெரிய காட்சியைச் சிபியுவில் ஓட்டிப் பார்த்தேன். உச்சபட்ச நினைவகம் 11 ஜிபியைத் தொட்டது. ஆகவே 16 ஜிபி எனக்குப் போதும் என்பது உறுதியாகிவிட்டது. 32 ஜிபி என்ற ஆசையைக் கைவிட்டுவிட்டேன்.

அப்படியானால் 5070 டிஐதான் என்று முடிவெடுக்கும் வேளையில் ஒரு தயக்கம் எழுகிறது. எலிவேஷன் ரெண்டர் ஓடும்போது அந்தக் கணினியில் வீடியோ வேலையைத் தொடவே முடிவதில்லை. கார்டு பெரிதானால் ரெண்டர் விரைவில் முடியும்தான், ஆனால் முடியும்வரை நான் காத்திருப்பது தொடரும். முகூர்த்த மாதங்களில் எனக்கு இழப்பை ஏற்படுத்துவது இந்தக் காத்திருப்புதான்.

அரூர் வரைவாளர்

இதை நீங்கள் முதலிலேயே எழுதியிருந்தால் என் ஆலோசனை வேறாக இருந்திருக்கும். இரண்டு 5060 டிஐ வாங்குங்கள், ஆனால் ஒரே கணினியில் பொருத்தாதீர்கள். ஒன்றை உங்கள் கணினியிலும், மற்றொன்றைத் தம்பி பயன்படுத்தும் கணினியிலும் போடுங்கள்.

ஒரு வீட்டுக்கு நாம் கொடுப்பது ஒரே படம் அல்ல. முன்புறத் தோற்றம், பக்கவாட்டுத் தோற்றம், விளக்குகள் எரியும் இரவுத் தோற்றம் என ஒவ்வொன்றும் தனி ரெண்டர். அவற்றைத் தம்பியின் கணினி ரெண்டர் செய்துகொண்டிருக்க, நீங்கள் இங்கே திருமண வீடியோவைத் தடையின்றி எடிட் செய்யலாம். ஆல்பம் வடிவமைப்புக்குக் கார்டின் வலிமை அதிகம் தேவைப்படாது. இருந்தாலும் ரெண்டர் நேரத்தில் அந்தக் கணினி சற்றுத் தாமதிக்கும் என்பதால், கனமானவற்றை அவர் கிளம்பிய பிறகு ஓட்டுங்கள்.

வீட்டைச் சுற்றி வரும் அசைவூட்டம் கேட்கும் வாடிக்கையாளர் வந்தால், இரவில் இரண்டு கணினிகளையும் ஒரே வேலைக்குப் பயன்படுத்தலாம். பிளெண்டரின் வெளியீட்டு அமைப்பில் ஓவர்ரைட் என்பதை நீக்கிவிட்டு, பிளேஸ்ஹோல்டர்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, இரண்டு கணினிகளும் ஒரே பகிர்வுக் கோப்புறையில் சேமிக்குமாறு அமையுங்கள். ஒரு கணினி எடுத்துக்கொண்ட சட்டகத்துக்கு உடனே ஒரு வெற்றுக் கோப்பு உருவாகிவிடும் என்பதால், மற்றது அதைத் தாண்டி அடுத்த சட்டகத்துக்குப் போகும். இதற்குத் தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஒரு கார்டு பழுதாகி உத்தரவாதத்துக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விட்டாலும், ஒரு கணினியாவது ஓடிக்கொண்டிருக்கும்.

காவேரிப்பட்டணம் எடிட்டர்

சகோதரியின் யோசனை நல்லது. ஆனாலும் ஒரு மறுப்பைப் பதிவு செய்ய வேண்டும். எடிட்டிங் கணினியில் இருக்கப்போவது 5060 டிஐ மட்டுமே. 4கே காட்சிகளை அடுக்கி, நிறத்திருத்தமும் நாய்ஸ் நீக்கமும் சேர்த்து வேலை செய்பவருக்கு 5070 டிஐயுடன் உள்ள வேறுபாடு நிச்சயம் தெரியும். தகடூரான் நாய்ஸ் நீக்கத்தை எவ்வளவு பயன்படுத்துகிறார் என்பதைப் பொறுத்தே நான் உடன்படுவேன்.

தகடூரான் (தர்மபுரி)

நாய்ஸ் நீக்கம் ரிசால்வின் இலவசப் பதிப்பில் இல்லை என்பதால் நான் அதைப் பயன்படுத்துவதே கிடையாது. மண்டபத்து விளக்குகளுக்கு ஏற்ற நிறத்திருத்தம் மட்டுமே செய்கிறேன். ஆகவே இரண்டு கணினிகள், இரண்டு கார்டுகள் என்ற வழியையே எடுக்கிறேன். தம்பியின் கணினி சில ஆண்டுகள் பழையது. அதில் புதிய கார்டு வேலை செய்யுமா?

ஓசூர் கணினிக்காரர்

வேலை செய்யும், ஆனால் வாங்குவதற்கு முன் மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள். கணினியைத் தொடக்கும் பயாஸ், யூஈஎஃப்ஐ என்ற புதிய முறையில் இயங்க வேண்டும். கார்டு பொருந்தும் ஸ்லாட் பழைய மூன்றாம் தலைமுறை பிசிஐஇ வகையாக இருந்தாலும் ரெண்டருக்குப் பாதகமில்லை. பவர் சப்ளைதான் முக்கியம்: 5060 டிஐக்கு 600 வாட் என்று என்விடியா பரிந்துரைக்கிறது. கேபினெட்டோடு இலவசமாக வந்த பவர் சப்ளை என்றால், அதன் மேல் எந்த எண் அச்சாகியிருந்தாலும் நம்பாமல் மாற்றிவிடுங்கள். கேபினெட்டுக்குள் கார்டு நிற்கக்கூடிய நீளத்தையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று விசிறிக் கார்டு பழைய கேபினெட்டில் இடிக்கும், இரண்டு விசிறி உள்ளதே போதும்.

இரண்டையும் ஒரே நாளில் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. முதல் கார்டை எடிட்டிங் கணினியில் போட்டு ஒரு முகூர்த்த மாதம் முழுவதும் ஓட்டிப் பாருங்கள். எடிட்டிங்குக்கு அது போதவில்லை என்று தெரிந்தால், அதைத் தம்பியின் கணினிக்கு மாற்றிவிட்டு, இரண்டாவதாக 5070 டிஐ வாங்கிக்கொள்ளலாம். காவேரிப்பட்டணத்தாரின் கவலையும் அத்தோடு தீரும். ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால், கார்டின் விலையில் சேரும் 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள, பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இடம்பெற வேண்டும். கார்டின் சீரியல் எண்ணையும் அதே பில்லில் எழுதி வாங்குங்கள். உத்தரவாதம் கேட்டுப் போகும்போது அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.